கிளட்ச்சுக் கால்

வலது கால் அரசி.
மிதித்தால் வேகம், எடுத்தால் நிதானம்.
இடது காலுக்கு ஒரே வேலை,
பதினாறு வருடமாக:
அமுக்கு, விடு.
ஏழாம் கட்டையிலிருந்து பகாவ் பள்ளிக்கூடம் வரை
பதினொரு மேடு, நாலு சிக்னல்,
பதினான்கு பிள்ளைகளின் பதினான்கு வாசல்.
ஒரு நாளைக்கு எத்தனை அமுக்கு என்று
கணக்குப் போட்டதில்லை. போட்டால் வலிக்கும்.

சிரம்பானில் டாக்டர் நோர் அஸ்லினா
என் முழங்காலைத் திரையில்
துண்டு துண்டாய் நகர்த்தினார்.
கறுப்பும் சாம்பலுமாய், மழைநாள் ரோடு மாதிரி.
ஓரிடத்தில் பேனாவை வைத்து, "சினி" என்றார்.
ஐம்பது காசு அகலம்.
தார் பெயர்ந்து கல் தெரிந்தது.
தாதி புஷ்பலதா தமிழில் சொன்னாள்:
"குருத்தெலும்பு தேஞ்சிருச்சு அக்கா."

குருத்து.

என் வேன் போகும் வழி முழுக்கக் குருத்துதான்.
செம்பனை மட்டையை வெட்ட வெட்ட
நடுவில் ஊசியாய் இன்னொன்று எழும்பும்.
உரம் திருடுபோன காட்டிலும் எழும்பும்.
"திரும்ப வளருமா?"
"அங்க ரத்தம் போகாது அக்கா. தானா வளராது."
பிறகு இதற்கு யார்
குருத்து என்று பேர் வைத்தது?

தேதிச்சீட்டின் முதுகில் டாக்டர் படம் போட்டார்.
துளை வழியே கேமரா விட்டுச் சிலும்பைச் சீவிவிடலாம்;
கொஞ்ச நாள் தாங்கும்.
எலும்பைச் சின்னச் சின்னதாய்க் குத்தி
ரத்தத்தை மேலே வரவழைக்கலாம்.
அது உறைந்து தோல் கட்டும்.
அசல் இல்லை, தழும்பு; ஆனால் மிதிக்கலாம்.
பால்மரத்துக்குச் செய்த வேலைதானே இது
என்று நினைத்தேன். சொல்லவில்லை.
பாரம் படாத ஓரத்திலிருந்து
தக்கை தக்கையாய் எடுத்துப் பள்ளத்தில் நடலாம்.
தனியாரில் என் செல்லையே எடுத்து
தட்டில் வாரக்கணக்காய் வளர்த்து
மறுபடி திறந்து வைப்பார்களாம்.
விலை கேட்டேன்.
புஷ்பலதா மொழிபெயர்க்காமல் சிரித்தாள்.
மூட்டையே மாற்றினால்?
"நாற்பத்து நாலுதானே, அதற்கு இன்னும் நீங்கள் இளசு."
என்னை அப்படிச் சொல்ல ஒரு வியாதி வேண்டியிருக்கிறது.

குத்துவதே நல்லது என்றார்.
குத்தினால் ஆறு வாரம்
கால் ஊன்றக் கூடாது.

ஆறு வாரம்.
கத்தியை நான் நினைக்கவில்லை.
விடியாத ஆறு மணிக்கு
கைப்பேசி வெளிச்சம் காட்டி நிற்கும்
ஹர்வீனாவை நினைத்தேன்,
அவள் தம்பியின் அவிழ்ந்த சப்பாத்துக் கயிற்றை,
மாதம் எண்பது வெள்ளியை
மூன்று தவணையாய்த் தரும் அவள் அம்மாவை.
ஆண்டிறுதி விடுமுறையை விரல்விட்டு எண்ணினேன்.
நாலு நாள் குறைகிறது.

பட்டறையில் ஆ கியோங்
போன வருடம் என் கிளட்ச் தட்டை
நானூற்று எண்பது வெள்ளிக்கு
அரை நாளில், ரசீதோடு மாற்றித் தந்தவன்.
"ஆட்டோ கியர் வேன் வாங்கு அமோய்,
இடது கால் சும்மா தூங்கட்டும்."
முப்பத்தெட்டாயிரம்.
அதுவும் ஒரு ஆபரேஷன்தான்,
மயக்க மருந்து மட்டும் கிடையாது.

முச்சந்திப் பிள்ளையாருக்கு
ஒன்பது தோப்புக்கரணம் பாக்கி.
அவரும் கேட்கவில்லை, நானும் கண்ணில் படவில்லை.

சீட்டில் தேதி எழுதும் கட்டம் காலியாக இருக்கிறது.
சன்வைசரில் செருகியிருக்கிறேன்,
சாலைவரி ரசீதுக்குப் பின்னால்.
பக்கத்தில் ஒரு பேனாவும்.

இன்று காலை ஐந்தாம் மேட்டில்
இரண்டாம் கியருக்கு இறங்கும்போது
கிர்ரென்று ஒரு சத்தம்.
பின்சீட்டிலிருந்து ஹர்வீனா கேட்டாள்:
"ஆண்ட்டி, அது வேனா, நீங்களா?"
பதினான்கு பேரும் சிரித்தார்கள். நானும்.

தெரியவில்லை.
மறுபடி அமுக்கிப் பார்த்தேன்.